சிவக்காத ஆரத்தி

என் கல்யாணத்தன்று புகுந்த வீட்டு வாசலில் ஆரத்தித் தண்ணீர் சிவக்கவில்லை. நான் வேதியியல் டீச்சர். அந்த மரியாதைக்காகவாவது அது சிவந்து தொலைத்திருக்கலாம்.

பெரம்பலூர் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அமிலங்களும் காரங்களும் பாடம் வரும்போதெல்லாம் முதல் நாள் முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சொல்வேன். காரம் என்றால் மிளகாய் இல்லை. மறுநாள் தேர்வு வைத்தால் வகுப்பில் பாதிப் பேர் மிளகாய் என்றே எழுதியிருப்பார்கள். அதனால் பேச்சை விட்டுவிட்டு மஞ்சள் தாளுக்கு வந்துவிட்டேன். மஞ்சளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி, வெயிலில் காயவைத்து, துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிடுவேன். புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு, மோர் என்று எதைத் தொட்டு வைத்தாலும் அந்தத் தாள் மஞ்சளாகவே கிடக்கும். இவையெல்லாம் அமிலம். சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் சிவக்கும். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் இன்னும் அழுத்தமாகச் சிவக்கும். இவை காரம். எது எது என்று நிறத்தை வைத்துக் காட்டிக்கொடுப்பதால் மஞ்சளுக்கு நிறங்காட்டி என்று பெயர்.

"மிஸ், வெள்ளச் சட்டையில சாம்பார் கொட்டி, எங்கம்மா சோப்பு போட்டாங்க. ரத்தம் மாதிரி ஆயிருச்சு மிஸ்" என்று யாராவது ஒருத்தி எழுந்து சொல்வாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் போல இருக்கும்.

பிறகு ஆரத்தியைச் சொல்வேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவப்பு. ஊரே கூடி நின்று பார்க்கிற ஒரு பரிசோதனை அது. அதில் யாருக்கும் நூற்றுக்கு நூறு போடுவதில்லை. சிவக்காவிட்டால் மட்டும் ஃபெயில் போடுவார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கல்யாணத்துக்கு முன்னால் நான் சொன்னதில்லை. பின்னால் சேர்த்துக்கொண்டது.

என் பிறந்த ஊர் குரும்பலூர். அப்பா சின்ன வெங்காயம் போடுகிறவர். எனக்கு மாப்பிள்ளை அமைவதற்குக் கொஞ்சம் காலமாகிவிட்டது. அரியலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தார். நான் காபித் தட்டோடு எதிரே நிற்கிறேன், அவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பூச்சு எப்ப பண்ணுனீங்க?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"போன வருசம்ங்க."

"தண்ணி ஒழுங்கா ஊத்தலிங்க. பொரிஞ்சு வருது பாருங்க."

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெண்ணைக் குறை சொல்லியிருந்தால்கூடப் பதில் வைத்திருப்பார். சுவருக்கு அவரிடம் பதில் இல்லை.

என் மாமனார் ஒரு சிமெண்டு ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பேச்சைக் கேட்டால், அரியலூர் மட்டும் இல்லையென்றால் தமிழ்நாடே இன்னும் ஓலைக் குடிசையில் இருந்திருக்கும். "சென்னையில நிக்கிற மாடியெல்லாம் எங்க ஊரு கல்லுதாங்க" என்பார். மற்ற வீடுகளில் கண்ணாடி அலமாரியில் பொம்மை இருக்கும், கோப்பை இருக்கும். அவர்கள் வீட்டு அலமாரியில் கல் இருக்கும். ஒன்றில் கிளிஞ்சல் பதிந்திருக்கும். வருகிறவர்கள் உட்காருவதற்குள் அதை எடுத்துக் கையில் கொடுத்து, ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்த கதையை ஆரம்பித்துவிடுவார். மாமியார் அந்தக் கல்லைத் தூசி தட்டி மறுபடி உள்ளே வைப்பார். எதற்கும் "இருக்கட்டும்" என்பதுதான் அவருடைய பேச்சு. குழம்பில் உப்பு கூடினாலும் இருக்கட்டும், விருந்தாள் சொல்லாமல் வந்தாலும் இருக்கட்டும்.

அந்த வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் மாமியாரின் அக்கா பேசிவிடுவார். என் கணவருக்குப் பெரியம்மா, எனக்குப் பெரியத்தை. விக்கிரமங்கலத்தில் இருக்கிறார். எந்த விசேஷமானாலும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, எது முறை, எது முறையில்லை என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. இடுப்பில் ஒரு சுருக்குப்பை. அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சின்னச் சுண்ணாம்பு டப்பி. பேசும்போது வாய் மெல்லும், மெல்லும்போது வாய் பேசும்.

கல்யாணம் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து காரில் அரியலூருக்குக் கிளம்பினோம். வழி முழுக்க முன்னால் ஒரு சிமெண்டு லாரி. புது மாப்பிள்ளை என்னிடம் பேசிய முதல் நீண்ட வாக்கியம், "கண்ணாடிய ஏத்திக்க, தூசி வருது" என்பதுதான். எனக்குப் பிடித்திருந்தது. பொய் இல்லாத வாக்கியம்.

வாசலில் இறங்கி நின்றோம். நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, ஆரத்தித் தட்டோடு வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். நின்றுவிட்டார். தட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மஞ்சள். எங்கள் வகுப்புத் தாள் போல, கலப்படமே இல்லாத மஞ்சள்.

"ஏண்டி, சுண்ணாம்பு போட்டியா இல்லியா?" என்றார் பெரியத்தை.

"போட்டேன் பெரியம்மா. அப்பா குடுத்ததத்தான் போட்டேன். பத்தலன்னு இன்னும் கொஞ்சம்கூடப் போட்டுட்டேன்."

"செவக்கலியேடி."

வீடியோ எடுக்க வந்த தம்பி கேமராவிலிருந்து தலையை எடுக்காமல், "பரவால்லங்கா, எடிட்டிங்ல செவப்பாக்கிக்கலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, மணப்பெண் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

பின்னால் நின்ற கூட்டத்தில் ஒரு குரல், "பொண்ணு வந்து நிக்கிற நேரம் பாத்து…" என்று இழுத்தது. முடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை முடிக்கத் தேவையில்லை, முடிக்காமல் விட்டால்தான் அது ஊர் முழுக்கப் போகும். சிரிப்பு எனக்கு அத்தோடு போய்விட்டது. வலது காலை எடுத்து வைப்பதற்கு முன்பே இந்த வீட்டில் என் பெயருக்கு நேரே மஞ்சள் விழுந்துவிடும் போலிருந்தது.

தட்டை உற்றுப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுண்ணாம்பு என்றால் தண்ணீரில் பால் போலக் கலங்கும். இது கோலமாவு மாதிரி அடியில் உட்கார்ந்திருந்தது.

"சுத்தமான கல்லுங்க" என்று மாமனார் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கடச் சுண்ணாம்புல என்னென்னமோ கலக்குறானுங்க. அரியலூர்ல இருந்துக்கிட்டு சுண்ணாம்ப பாக்கெட்டுல வாங்குனா கேவலம் இல்லியா? நானே எடுத்து வச்சிருந்த கல்ல ஒடச்சு, மிக்சியில போட்டு, துணியில சலிச்சுக் குடுத்தேன்."

புரிந்துவிட்டது. மனுஷர் சுண்ணாம்பு கொடுக்கவில்லை, சுண்ணாம்புக்கல்லைக் கொடுத்திருக்கிறார். வேறு எந்த ஊரிலாவது ஒரு மாமனாருக்கு இந்த யோசனை வந்திருக்குமா? வந்தாலும் கல்லுக்கு எங்கே போவார்? அந்தக் கல்லைச் சூளையில் போட்டுச் சுட வேண்டும். சுட்டதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து உடையும். அதற்குப் பிறகுதான் அது சுண்ணாம்பு, அதற்குப் பிறகுதான் மஞ்சள் சிவக்கும். பச்சைக் கல்லை எவ்வளவு நைசாக அரைத்தாலும் கல்தான். தண்ணீரில் கரையாது. கரையாதது மஞ்சளை ஒன்றும் செய்யாது.

என் கை சாக்பீஸுக்குத் துடித்தது. கிடைத்திருந்தால் அந்த வாசற்கதவிலேயே சமன்பாட்டை எழுதியிருப்பேன். வாயைத் திறக்கப் போன நேரத்தில் மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் பேச்சு குறைந்து குறைந்து நின்றுபோயிருந்தது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏதோ உறைத்திருந்தது, என்னவென்றுதான் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் கல்லோடு கிடந்த மனுஷரிடம், இன்னும் வீட்டுக்குள் கால் வைக்காத ஒருத்தி, அவர் வாசலில் வைத்து, அவர் சொந்தக்காரர்கள் முன்னால், "உங்களுக்குக் கல்லைப் பற்றித் தெரியாது" என்று சொல்வதா? சொல்லாவிட்டால் மஞ்சள் என் தலையில். இரண்டில் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் பெரியத்தையின் சுருக்குப்பை கண்ணில் பட்டது.

"பெரியத்தை, ஒரு வெத்தல குடுங்களேன். வாய் என்னமோ மாதிரி இருக்கு" என்றேன்.

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், பெண் பார்க்க வந்தபோது இதை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி இருந்தது. ஆனால் வெற்றிலை போடுகிறவர்களுக்கென்று ஒரு தர்மம் உண்டு. கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பெரியத்தை ஆச்சரியப்பட்டு முடிப்பதற்கு முன்பே அவர் கை பைக்குள் போய்விட்டது. வெற்றிலையும் பாக்கும் வந்தன.

"சுண்ணாம்பு?"

"தாராளமா குடுங்க."

டப்பியைத் திறந்து நீட்டினார். விரலால் நன்றாக வழித்து எடுத்தேன். வெற்றிலையையும் பாக்கையும் மட்டும் வாயில் போட்டுக்கொண்டேன். விரலில் சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது. கட்டியிருப்பது பட்டுப்புடவை.

"ஐயோ, பட்டுல பட்டுடப் போவுது" என்று சொல்லிக்கொண்டே விரலைத் தட்டிலிருந்த தண்ணீரில் விட்டு அலசினேன்.

விரலைச் சுற்றி முதலில் சிவப்பாக ஒரு கீற்று ஓடியது. பிறகு தட்டு முழுவதும் சிவந்தது. எத்தனை வகுப்பில் பார்த்திருக்கிறேன், அன்றைக்குப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை.

"செவந்துருச்சு! பொண்ணு கை பட்டதும் செவந்துருச்சு!" என்று நாத்தனார் கத்தினார்.

"அக்கா, இன்னொரு தடவ விரல விடுங்க, ஃபோகஸ் ஆவல" என்றார் வீடியோத் தம்பி.

ஆரத்தி சுற்றினார்கள், பொட்டு வைத்தார்கள், வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன். சுண்ணாம்பெல்லாம் தட்டுக்குப் போய்விட்டதால் என் வாயில் வெறும் வெற்றிலையும் பாக்கும்தான். அதுவும் சிவக்காது. பெரியத்தை பின்னாலேயே வந்து என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இவளுக்கு வாயும் செவக்கல" என்று அடுத்த தீர்ப்பைச் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வெத்தலக்கார டீச்சர். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சாப்பிட்ட கையோடு எனக்கென்று தனியாக ஒரு கட்டு வெற்றிலை வரும். பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டு அத்தை ரகசியமாகப் புகையிலை நீட்டுவார். எங்கம்மா குரும்பலூரிலிருந்து போன் செய்து, "எப்பலேர்ந்துடி இந்தப் பழக்கம்? எனக்குத் தெரியாம எங்க வச்சுப் போட்ட?" என்று அழுதார். அவரிடமும் உண்மையைச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் நான் மாமனாருக்குத் தலையாட்டியிருந்தேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மாமனார் அடுக்களை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பழைய காபித்தூள் பாட்டில். உள்ளே மிச்சமிருந்த கல் தூள்.

"டீச்சர், இது ஏன் செவக்கல?"

சண்டைக்கு வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தார். ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து, தூளின் மேல் பிழிந்து காட்டினேன். நுரைத்தது.

"பொங்குதே! எலுமிச்ச அமிலம்தானே? அமிலத்தோட மல்லுக்கு நிக்குதுன்னா இது காரம்தானே?" என்றார். என் வகுப்பில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"காரக் குணம் இருக்கு மாமா. ஆனா தண்ணியில எறங்கி வராது. தண்ணியில எறங்குனாத்தான் மஞ்சளுக்குத் தெரியும். இத சூளையில சுடணும், அப்பறம்தான் எறங்கும்."

"சூளையா?" அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சூளை வேற டிபார்ட்மெண்டு" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கல்லை வெட்டி, உடைத்து, பெல்ட்டில் ஏற்றி அனுப்பியதோடு அவர் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு கல்லுக்கு என்ன ஆனால் அவருக்கென்ன. போகும்போது திரும்பி நின்று, "இது நமக்குள்ளயே இருக்கட்டும் டீச்சர்" என்றார். நான் தலையாட்டினேன். அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மாமனாரும் மருமகளுமாக ஒரு ரகசியம் வைத்திருப்பது எனக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது.

வருடங்கள் போயின. எங்களுக்குக் குழந்தை இல்லை. திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் அந்த ரோட்டில் எங்கே பள்ளம் என்பதுகூட மனப்பாடம். என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமியார் இருக்கட்டும் என்றார். ஆனால் சொந்தக்காரர்களுக்குக் காரணம் வேண்டுமே. தேடிப் பார்த்தார்கள், வாசலிலேயே கிடந்தது.

நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. ஆரத்தி எடுக்கப் பெண்களைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். பெரியத்தை என் முந்தானையைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தார். பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"அன்னைக்கே மஞ்சத்தண்ணி சொல்லுச்சே. வெத்தலையக் கேட்டு, சுண்ணாம்பத் தடவி, என்னென்னமோ பண்ணிச் செவக்க வச்சா. தானாச் செவக்கலியே."

அது வரை எல்லாக் கேலியையும் நானும் சேர்ந்து சிரித்து ரசித்தவள்தான். அன்றைக்கு முடியவில்லை. வலித்தது. அதைவிட, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த மாமனாருக்கும் அது கேட்டது என்று எனக்குத் தெரியும். அவர் பழத்தைச் சாப்பிடாமல் இலையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். ஒரு வார்த்தை. "கல்லப் போட்டது நான்" என்று ஒரே ஒரு வார்த்தை. அவரால் முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நானே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொன்னால், குழந்தை இல்லாதவள் பழியைக் கிழவர் மேல் போடுகிறாள் என்பார்கள். அது அவர் வாயிலிருந்து வந்தால்தான் உண்மை. என் வாயிலிருந்து வந்தால் சாக்கு. அதற்குப் பிறகு அவர் "டீச்சர்" என்று கூப்பிட்டால், "ம்" என்று மட்டும் சொல்வேன். அவர் கல்லைப் பற்றி ஆரம்பித்தால் எனக்குத் திருத்த வேண்டிய பேப்பர் ஞாபகம் வந்துவிடும்.

போன தை மாதம் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம். கணவரின் தம்பி. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாசற்படிக்கு முன்னால் உடைந்து கிடந்த தளத்தைப் பெயர்த்துவிட்டு, புதிதாகச் சிமெண்டுத் தளம் போட்டார் மாமனார். கொத்தனார் போட்டார் என்று சொல்ல முடியாது. கொத்தனார் கரண்டியைப் பிடித்தார், அவ்வளவுதான். காலையும் மாலையும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தளத்தின் மேல் ஊற்றினார், குழந்தையைக் குளிப்பாட்டுகிற கவனத்தோடு. யாராவது மிதித்தால் சத்தம் போட்டார்.

கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் கார் ஏறிவிட்டார்கள் என்று போன் வந்தது. மாமியார் என்னைக் கூப்பிட்டார். கையில் தட்டு, கடையில் வாங்கிய சுண்ணாம்புப் பாக்கெட்.

"நீ கரைச்சு எடும்மா" என்றார். எல்லார் முன்னாலும், கொஞ்சம் சத்தமாகவே. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மஞ்சளைக் கரைத்தேன். பாக்கெட்டைப் பிரிக்கப் போனபோது பெரியத்தை வந்து என் கையைப் பிடித்தார். கோபமாக இல்லை. அப்படி இருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அன்பாகப் பிடித்தார், ஆறுதல் சொல்கிறவர் மாதிரி.

"அக்காக்காரி எடுக்கட்டும்மா. புதுசா ஒரு பொண்ணு வருது. எதுக்கு… நீ தப்பா நெனச்சுக்காத."

அடுக்களையில் இருந்த எல்லாரும் திடீரென்று ஏதோ வேலையில் மும்முரமாகிவிட்டார்கள். தட்டைக் கூடத்து மேசையில் வைத்தேன். அழக்கூடாது என்று நினைத்ததால் அலமாரியில் இருந்த கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே மாமனார் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

வெளியே கார் வந்து நின்றது. புதுத்தளத்துக்கு அந்தப் பக்கம் பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கி நின்றார்கள். நாத்தனார் தட்டை எடுக்க வந்தார். மாமனார் அதற்கு முன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் கக்கத்தில் அந்தக் காபித்தூள் பாட்டில் இருந்தது.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றார்.

பாட்டிலைக் கவிழ்த்து வெள்ளைத் தூளை மஞ்சள் தண்ணீரில் கொட்டினார். விரலைவிட்டுக் கலக்கினார். தட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி எல்லாருக்கும் காட்டினார். மஞ்சள்.

"என்னங்க மாமா பண்றீங்க, நல்ல நேரத்துல" என்று யாரோ பதறினார்கள்.

"செவக்குதா? செவக்காது. குடம் குடமாக் கரைச்சாலும் செவக்காது. இது கல்லு. சுடாத கல்லு. மூத்த மருமக கல்யாணத்தன்னைக்கு நான் அரைச்சுக் குடுத்தது இதேதான், இதே பாட்டிலு. சுட்டாத்தான் சுண்ணாம்பு, சுண்ணாம்பு போட்டாத்தான் செவக்கும். எனக்கு இது மறுநாளே தெரியும். டீச்சரு சொல்லிருச்சு. நாந்தான் வெளிய சொல்லாதன்னேன்."

காலிப் பாட்டிலை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அது என் மானத்தக் காப்பாத்த வெத்தலக்காரின்னு பேரு வாங்கிக்கிச்சு. நீங்க என்னென்ன பேசுனீங்கன்னு எனக்கும் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன். அது மேல ஒரு கொறையும் இல்ல. கொறை என் கல்லு மேலயும் என் வாய் மேலயும்தான்."

புதுப்பெண் ஒன்றும் புரியாமல் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆடியோவும் ரெக்கார்டு ஆயிட்டிருக்குங்க" என்றார் வீடியோக்காரர் சன்னமாக. அதே தம்பிதான், இப்போது கொஞ்சம் தொப்பை. என் கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "அப்ப நீ வெத்தல போடுறதே இல்லியா?" என்று காதில் கேட்டார். இத்தனை வருடமாக மாசம் தவறாமல் மார்க்கெட்டில் கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து வாங்கி வருகிற மனுஷர். அதையெல்லாம் நான் கொல்லையில் ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இது வேணாம்" என்று சொல்லி மாமனார் தட்டிலிருந்ததைப் புதுத்தளத்தின் ஓரத்தில் ஊற்றிவிட்டு, வெறும் தட்டை என் கையில் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுபடி மஞ்சள் கரைத்தேன். சுண்ணாம்புப் பாக்கெட் உள்ளேயே இருந்தது. எடுக்கத் திரும்பியபோது குறுக்கே ஒரு கை நீண்டது. சுருக்குப்பையிலிருந்து வந்த டப்பி.

"இந்தா, இதப் போடு. தாராளமா எடுத்துக்க" என்றார் பெரியத்தை. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது அவர் முறையில் இல்லை. ஆனால் டப்பியின் மூடியை அவரே திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

விரலால் வழித்துப் போட்டேன். சிவந்தது. கண் கலங்கியிருந்ததால் நிறம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆரத்தியைச் சுற்றி, இரண்டு பேருக்கும் பொட்டு வைத்தேன். புதுப்பெண் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

முறைப்படி ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் ஊற்றுவதற்குப் போனபோதுதான் பார்த்தேன். தளத்தின் ஓரத்தில் மாமனார் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் மஞ்சளாக இல்லை. ஓடிய இடமெல்லாம் சிவந்து கிடந்தது. நடுவில் அந்தக் கல் தூள் மட்டும் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக.

எனக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. சிமெண்டு என்பது என்ன? அவர் கல்தான். களிமண்ணோடு சேர்ந்து சூளைக்குள் போய் வெந்து திரும்பி வந்த அதே கல். புதுத்தளத்துக்குள் காரம் இன்னும் கொழுந்துவிட்டுக்கொண்டிருக்கும், அதுவும் இவர் வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றி வளர்த்த தளம். மஞ்சள் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது.

"மாமா, இங்க வாங்க" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நானாக அவரைக் கூப்பிட்டது.

வந்தார். முட்டியில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தார். விரலால் தளத்தைத் தொட்டுப் பார்த்தார். நான் விளக்கம் சொல்லத் தயாரானேன். தேவைப்படவில்லை.

"என் கல்லுதான் டீச்சர்" என்றார். "சூளைக்குப் போயிட்டு வந்துருக்கு. கொஞ்சம் லேட்டாச் செவந்துருக்கு."

நான் ஏதோ கேலியாகச் சொல்ல நினைத்தேன். சூளை வேற டிபார்ட்மெண்டு ஆச்சே மாமா என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மாமியார் வாளியில் தண்ணீரும் துடைப்பமுமாக வந்தார். "கறையா போயிருமே, கழுவி வுட்டுடவா?" என்று கேட்டார்.

"இருக்கட்டும் அத்தை" என்றேன்.